ஒரு நெல்லளவு

“பிற்பகல், சாரல். கடைசிக் குழி. பந்து ஒரு நெல்லளவு நகர்ந்தது.”

1936-ம் வருஷத்து என் நாட்குறிப்பில், ஆடி மாதம் மூன்றாம் சனிக்கிழமைக்கு எதிரே இவ்வளவுதான் இருக்கிறது. தினமும் தவறாமல் குறிக்கிற காற்று, அருவித் தண்ணீர் எதையும் அன்று எழுதவில்லை.

அப்போது நான் தென்காசியில் குமாஸ்தா. சாரலுக்குக் குற்றாலம் வரும் துரைமார், இலஞ்சி போகிற வழியில் மலையடிவாரத்து மேய்ச்சல் மேட்டில் கோல்ஃப் ஆடுவார்கள். பால் டின்னைப் புதைத்துக் குழி. சிவப்புத் துணியில் கொடி. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய போட்டி நடக்கும். அந்த மேட்டில் புல் வெட்டி, ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொண்டவன் என்னோடு படித்த இலஞ்சிக்காரன். துரைமார் வீசிய உடைந்த மட்டைகளுக்குக் கம்பு வைத்துக் கட்டி, ஆளில்லாத மாதங்களில் தனியாக அடித்துப் பழகியிருந்தான்.

அந்த வருஷம் ஒரு துரை காய்ச்சலில் படுத்தார். எண்ணிக்கை குறையக்கூடாதென்று இவனைச் சேர்த்தார்கள். இவனோ கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டான்.

மறு வருஷம் முதல் போட்டி மலைமேல் போகிறது, இந்த மேட்டுக்கு இனிக் காவல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். செங்கோட்டைக்கு மேலே தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், ஜெயித்தால் மலைமேல் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் குடியிருக்க வீடும் தருவதாக இவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“தோத்தா?” என்று கேட்டேன்.

“கங்காணிகிட்ட பேரு குடுத்தாச்சுலே. சிலோன்தான்” என்றபடி மட்டைப் பையை என் தோளில் மாட்டினான். பை தூக்க அவன் வேறு யாரையும் நம்பவில்லை. இங்கிலீஷ் விதிப் புத்தகத்தைத் தமிழில் அவனுக்குப் படித்துச் சொன்னவன் நான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அதுவரை வாசகசாலையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளில் சீமைப் போட்டிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், ஒரு பந்தைக் குழியில் தள்ளுவதைப் பார்க்க இத்தனை கூட்டமா என்று நினைப்பேன். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்றவர்களும் முதலில் அப்படித்தான் சிரித்தார்கள்.

“ஏலே, இவனுவ எப்பலே ஒருத்தனை ஒருத்தன் பிடிப்பானுவ?”

“பிடிக்க மாட்டானுவ அண்ணாச்சி. முட்டையை உருட்டிக்கிட்டே ஊருக்குப் போயிருவானுவ.”

ஒன்பது குழியில் எட்டாவது முடிந்தபோது அந்தச் சிரிப்பு நின்றிருந்தது. குறைந்த அடியில் முடிப்பவனுக்கே ஜெயம்; அதுவரை இருவரும் சமம். எதிராளி இவனைத் தொடவே முடியாது. ஆனாலும் இவன் தோற்கலாம். கொடியருகே இவன் குனிகிறபோது அத்தனை பேரும் மூச்சை அடக்கினார்கள். சடுகுடுவில் பாடிப் போகிறவனுக்குத்தான் மூச்சுத் திணறும். இங்கே வேடிக்கை பார்க்கிறவனுக்குத் திணறியது. பத்திரிகைகளில் வந்த கூட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கடைசிக் குழி. எதிராளி ஐந்து அடியில் முடித்துவிட்டார். இவன் மூன்று அடியிலேயே குழிக்கு இரண்டு முழத்தில் பந்தைக் கொண்டு வந்திருந்தான். ஒரு தட்டு, அவ்வளவுதான்.

பந்தைச் சுற்றி நடந்து தரையின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கீழே வைத்திருந்த மட்டையை நான் தெரியாமல் மிதித்துவிட்டேன். தொழில் செய்கிற ஆயுதம் அல்லவா! சட்டென்று குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிய அந்த நொடியில் தோளிலிருந்த பை சரிந்து, பந்தை ஒட்டியிருந்த புல்லை உரசியது.

அவனைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து பை உரசியது தெரியும், பந்து தெரியாது.

“நகண்டுச்சாலே? உள்ளதைச் சொல்லு” என்றான் மெதுவாக.

பை தூக்குகிறவனால் பந்து நகர்ந்தால் ஆடுகிறவனுக்கு ஒரு அடி கூடும். அதைச் சொல்ல வேண்டியவனும் ஆடுகிறவன்தான். என் கண்ணோ அந்த நொடியில் என் கைக்குள் இருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

“ஒரு நெல்லளவு” என்றேன்.

“சரி விடு. சொல்லிப்புடுதேன்.”

சொன்னான். துரைமார் கை தட்டினார்கள். தோட்டத்துத் துரை தொப்பியை எடுத்தார். அப்போதும் போட்டால் சமம்தான். குனிந்து தட்டினான். பந்து குழியின் விளிம்பு வரை போய், நின்றது. ஒரு அடியில் தோற்றான். அவனுடைய நேர்மையைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆவணி பிறக்குமுன் தென்காசி ரயிலடியில் அவனை ஏற்றிவிட்டேன். என்னை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரே ஒரு கார்டு வந்தது: “இங்கன எல்லாம் தேயிலைதான். புல்லே கிடையாது.” பிறகு வரவில்லை. நான் எழுதியவை திரும்பி வந்தன.

அவன் போன பிறகு பல நாள் அந்த மேட்டில் ஒரு பந்தை வைத்து, பையைச் சரியவிட்டுப் பார்த்தேன். சில தடவை பந்து நகர்ந்தது. சில தடவை லேசாக ஆடி, இருந்த இடத்திலேயே நின்றது. அப்படி நின்றால் தண்டனை இல்லை; விதிப் புத்தகத்தில் அந்த வரியையும் நான்தான் அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

இத்தனை வருஷ நாட்குறிப்புகளில் நான் கண்ணால் காணாமல் அளவு சொல்லி எழுதியது அந்த ஒரு வரிதான். அதைக் கோடிட்டு அடிக்கவும் எனக்கு ஆதாரம் இல்லை, பந்து நகர்ந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.