மருந்து படாத கூடை

எங்கள் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, கைராசி இல்லை என்று கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெயரை அவளுக்கு வாங்கித் தந்தவள் நான்தான். அப்போது எனக்கு வயது ஒன்பது. தீனி என்றால் உயிர்.

கல்யாணமாகி ஒரே வருஷத்தில் அத்தை பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். வாழாதவள் கையால் விதை போடக்கூடாது என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா கேட்கவில்லை. அந்த ஆடியில், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை விதைக்க, ஏர் பின்னால் நடக்கும் பெண்களோடு அத்தைக்கும் ஒரு கூடை என்றார். அன்று அத்தை தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

முந்தின வருஷம் இளஞ்செடிகள் கழுத்தழுகல் நோய் வந்து செத்திருந்தன. அதனால் முதன்முதலாக விதைப்பருப்பில் மருந்துப்பொடி கலக்கச் சொல்லியிருந்தார்கள் விவசாய ஆபீசில். பானையில் போட்டுக் குலுக்கும் வேலை எனக்கு. பொடி பட்ட பருப்பைத் தின்னக்கூடாதாம். விதைக்கிற நாளில் பருப்பு தின்னாமல் எப்படி? கடைசிக் கூடைக்கு மட்டும் பொடி போடாமல், மிச்சப் பொடியைக் குப்பையில் கொட்டினேன். அந்தக் கூடைதான் அத்தைக்குப் போயிற்று.

கூடையில் கைவிட்ட அத்தை, அசைந்துகொண்டிருந்த என் வாயைப் பார்த்தாள். "மெல்லுடி, யாரும் பாக்கல" என்று ஒரு பிடி அள்ளி என் பாவாடையில் போட்டாள்.

இருபது நாளில் அத்தை விதைத்த உழவுச்சால்களில் மட்டும் செடிகள் வாடிச் சாய்ந்தன. விவசாய ஆபீசர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். அடித்தண்டு அழுகி, கரி பூசினாற்போல் இருந்தது.

"வெதைக்கு மருந்து கலந்தீங்களா?"

"மல்லாட்ட மொத்தத்துக்கும் கலந்தோம்ங்க" என்றார் அப்பா.

"மருந்து என்னா பண்ணும்? கை அப்படி" என்றாள் அம்மா.

அத்தை என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, செத்த செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

அதற்கப்புறம் யாரும் அவளிடம் விதை கொடுக்கவில்லை. நாற்று நடக்கூடக் கூப்பிடவில்லை. தை பிறப்பதற்குள் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியொன்றுக்குப் பாத்திரம் துலக்கப் போய்விட்டாள்.

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். விதைத்து முடித்ததும் மற்றப் பெண்கள் பொடி போகச் சோப்புப் போட்டுக் கை கழுவியதும், அத்தை சும்மா தண்ணீரில் நனைத்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்ததும் என் கண்முன்தான் நடந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முதுகில் நாலு அடி விழுந்திருக்கும்; அடுத்த ஆடியிலும் கூடை அவள் இடுப்பில் இருந்திருக்கும். அந்த நாலு அடிக்குப் பதிலாகத்தான் அவள் வீட்டை விட்டுப் போனாள் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.