கடைசிப் பாட்டில் மீதி இருந்த இரண்டு நிமிடம்

2007-ஆம் வருடம். அப்போது நான் சிதம்பரம் அண்ணாமலை நகரில் எம்.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பஸ்ஸில் தினமும் போய் வந்திருக்கலாம். ஆனால் வீட்டில் அடம்பிடித்து விடுதியில் சேர்ந்திருந்தேன். அறையில் நாங்கள் நான்கு பேர். எங்களை ஒட்டவைத்தது படிப்பு அல்ல, ஒரு பாடகி.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று படித்து முடிக்கும்போது புரியும். சினிமாவில் நாலைந்து பாட்டுதான் பாடியிருந்தார். ஆனால் அவரே தனியாக வெளியிடும் ஆல்பங்கள் என்றால் எங்களுக்கு உயிர். ஒன்று வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு அறையில் வேறு பேச்சே கிடையாது. இந்த வரியில் ஏன் மூச்சை இழுக்கிறார், அந்த இடத்தில் புல்லாங்குழல் ஏன் நின்றுவிடுகிறது, மூன்றாவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். கடைசியில் தீர்ப்புச் சொல்வது நான்தான். பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் வரிசையாக இருந்தன. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அந்த வருடம் அவருடைய புது ஆல்பம் வந்தது. சிதம்பரத்தில் அசல் சி.டி. கிடைக்கவில்லை. பாண்டிச்சேரி போய்த் தேடியிருக்கலாம், அல்லது கொஞ்சம் காத்திருக்கலாம். எங்களுக்கு ஏது பொறுமை? பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றில் சொல்லிவைத்தோம். அவர்கள் எங்கிருந்தோ பிடித்து, பாடகியின் பழைய ஆல்பத்தையும் புதியதையும் ஒரே சி.டி.யில் ஏற்றிக் கொடுத்தார்கள். மேலட்டையை மட்டும் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துச் செருகியிருந்தார்கள். ஒரு மரக்கிளையில் வெள்ளைச் சேலையில் கட்டிய தூளி. தூளியில் குழந்தை இல்லை.

அன்று சாயங்காலம் நான்கு பேரும் ஒரே கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து கேட்டோம். கடைசிப் பாட்டு ஒரு தாலாட்டு. தூங்காத குழந்தையை ஒரு தாய் கெஞ்சித் தூங்கவைக்கிறாள். மூன்றாவது சரணத்தில், ‘விடியட்டும் கண்ணே, விடிஞ்சதும்’ என்று எடுத்தார். அந்தச் சொல்லோடு பாட்டு நின்றுவிட்டது. தாளம் இல்லை, வாத்தியம் இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்குப் புல்லரித்தது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன். அந்தக் குழந்தைக்கு விடியவே இல்லை, அதனால்தான் பாட்டும் முடியவில்லை என்றேன். வெள்ளைச் சேலையைக் காட்டினேன். காலித் தூளியைக் காட்டினேன். முதல் பாட்டிலிருந்து வரிசையாக எடுத்து, இது கருவுற்றது, இது பிறந்தது, இது காய்ச்சல் கண்டது என்று ஒரு கதையையே கட்டினேன். சொந்தமாக ஒரு குழந்தையைப் பறிகொடுக்காதவரால் இப்படிப் பாட முடியாது என்று முடித்தேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அழாமல் இருந்தவள் லால்பேட்டையிலிருந்து வந்த தோழி. அவள் அதிகம் பேச மாட்டாள். அப்பாவை அத்தா என்றுதான் சொல்வாள். அன்று மெதுவாகச் சொன்னாள்: “இல்லடி, இது காப்பி சிடி. எடம் பத்தாம கட் ஆயிருக்கும். நாங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப எங்க அத்தா சவூதிலேர்ந்து கேசட்டுல பேசி அனுப்புவாங்க. ‘எல்லாரும் நல்லா’ன்னு சொல்லும்போதே டேப்பு முடிஞ்சிரும். அதுக்காக அத்தா மவுத்தாயிட்டாங்கன்னு உக்காந்து அழுதோமா?”

அதைக் கேட்டு மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். கட்டிவைத்த கோட்டை கண்ணெதிரே சரிகிற ஆத்திரம் எனக்கு. “பாட்டுன்னா உங்க வீட்டு ஹலோ கேசட்டுன்னு நெனச்சியா? ரசனை இல்லன்னா வாய மூடிக்கிட்டு கேளு” என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. அதன் பிறகு எங்கள் பாட்டுப் பேச்சில் அவள் வாயைத் திறக்கவே இல்லை.

நான் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பாடகியின் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. பிரவுசிங் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, புனைபெயரில் அதையெல்லாம் நீளமாக எழுதிப் போட்டேன். ‘குழந்தையைப் பறிகொடுத்தாரோ என்னவோ’ என்றுதான் எழுதினேன். படித்தவர்கள் அந்த ‘என்னவோ’வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அழுதேன் என்று எழுதினார்கள். அவர்களிடமும் அதே அறுந்த காப்பிதான் சுற்றியது போலிருக்கிறது, பாட்டு அங்கே முடியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர், ‘ஆமாம், உண்மைதான், நானும் கேள்விப்பட்டேன்’ என்று எழுதினார். அவர் கேள்விப்பட்டது நான் எழுதியதைத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்தாயா, என் ஊகம் சரியாகிவிட்டது என்று குதித்தேன். நான் கிளப்பிய புரளியை நானே நம்பிவிட்டேன்.

நாலைந்து மாதம் போனது. கடலூரில் ஒரு மண்டபத்தில் நடக்கும் விழாவுக்கு அந்தப் பாடகி வருகிறார் என்று தெரிந்தது. என் தாய்மாமா அந்த விழாக் குழுவில் இருந்தார். விடுவேனா? நேரில் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லி மாமாவை நச்சரித்தேன். மற்ற இருவருக்கும் அன்று செமினார். லால்பேட்டைத் தோழி மட்டும் என்னோடு வந்தாள். நான் திட்டியதை மனதில் வைத்துக்கொண்டிருந்தால் வந்திருப்பாளா? பஸ் புதுச்சத்திரம் தாண்டும்வரை, அவரிடம் என்ன பேசப்போகிறேன் என்று அவளிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தாள்.

மதியம் மூன்று மணிக்கு மாமா எங்களை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அழைத்துப் போனார். “மேடம், இது எங்க அக்கா பொண்ணு. உங்க பாட்டுன்னா போதும், சோறு தண்ணி வேணாம் இதுக்கு” என்று சொல்லிவிட்டு வேலை இருக்கிறதென்று ஓடினார்.

பாடகி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார். தரையில் எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்துகொண்டிருந்தாள். விழாக்காரர்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகை பார்த்ததை அப்படியே ஒப்பித்தேன். அந்தக் கடைசிப் பாட்டை எத்தனை தடவை கேட்டேன், எப்படி அழுதேன் என்று சொன்னேன். “ஒரு தாய் தன்னோட துக்கத்தை இப்படி ஒரு சொல்லுல நிறுத்திக் காட்ட முடியும்னு நான் நெனச்சதே இல்ல மேடம். உங்க கொழந்த போனதை நீங்க பாட்டாக்கிட்டீங்க” என்றேன். குரல்கூடத் தழுதழுத்தது. பேச்சுப் போட்டிக் குரல்.

டம்ளர் அவர் கையில் அப்படியே நின்றது. தரையிலிருந்த சிறுமி தலையைத் தூக்கினாள். “அம்மா, எந்தக் கொழந்த? நானா?” என்றாள்.

அந்த ஒரு நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் தோழி என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்ததுதான் ஞாபகம் இருக்கிறது. பேசாதே என்று அர்த்தம். இனி பேச என்ன இருக்கிறது?

பாடகி மகளைக் கைநீட்டி அழைத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “எனக்கு இவ ஒருத்திதாம்மா. ரெண்டு மூணு மாசமா இப்படித்தான் போன் வருது. ஊர்ல எங்க அம்மாவுக்கு ஒருத்தர் போன் பண்ணி துக்கம் விசாரிச்சிருக்காரு. அவங்க பதறிப்போய் ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறி வந்துட்டாங்க. வந்து இவளைக் கட்டிப் புடிச்சிட்டு விடவே இல்ல. யாரு கிளப்பி விட்டாங்கன்னே தெரியல” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நாக்கு நுனிவரை வந்தது. “இன்டர்நெட்ல யாரோ எழுதியிருந்தாங்க மேடம்” என்றேன்.

தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சிறுமி விடவில்லை. மடியில் இருந்தபடியே, “அக்கா, நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு அதில் வருத்தம்கூட இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான். “யாரோம்மா” என்றேன், மறுபடியும்.

கையெழுத்து வாங்க எடுத்துவந்த சி.டி. என் கையிலேயே இருந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. பாடகி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மார்க்கர் பேனாவில் கடைக்காரர் எழுதிய எழுத்து, ஜெராக்ஸ் அட்டை. அவர் சொந்த முயற்சியில், கஷ்டப்பட்டு வெளியிட்ட ஆல்பம் அது. அதன் பரம ரசிகை என்று வந்து நின்றவள் நீட்டுவது திருட்டு சி.டி.! “இதுல கடைசிப் பாட்டு எங்கம்மா முடியுது?” என்று கேட்டார். சொன்னேன்.

“அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே” என்றார்.

“அதுலதான் நான் சிரிப்பேன்!” என்றாள் சிறுமி.

பாடகி கைப்பையிலிருந்து அசல் சி.டி. ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். “முழுசா கேளுங்க” என்றார். அவ்வளவுதான். அட்டையைப் பார்த்தேன். தூளிச் சேலை வெள்ளை இல்லை, நல்ல மஞ்சள். ஜெராக்ஸ் மிஷினுக்கு மஞ்சள் தெரியவில்லை, அது வெறும் ஜெராக்ஸ் என்பது எனக்கு உறைக்கவில்லை. உள்பக்கம் திருப்பினால் அதே தூளி, அதற்குள்ளிருந்து இரண்டு காலையும் வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு இந்தச் சிறுமி ஈயென்று இளிக்கிறாள்.

அன்று கச்சேரியில் அந்தப் பாட்டை அவர் முழுவதும் பாடினார். பாதியில் நின்ற அந்த இடத்துக்குப் பிறகு, விடிந்ததும் என்னென்ன செய்வோம் என்று தாய் ஒவ்வொன்றாக ஆசை காட்டுகிறாள். குழந்தை ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் கெஞ்சிக் கெஞ்சித் தாய்தான் தூங்கிப்போகிறாள். அதைப் பார்த்துக் குழந்தை சிரிக்கிறது. அந்தச் சிரிப்புக்காகச் சிறுமி மேடைக்கு ஓடிவந்து மைக்கைப் பிடித்துக் கலகலவென்று சிரித்தாள். மண்டபம் மொத்தமும் சேர்ந்து சிரித்தது. அது துக்கப் பாட்டே இல்லை. அவ்வளவு சந்தோஷமான பாட்டை நான் கேட்டதில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்க்க முடியாமல் கேட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “எங்கிட்ட எதுக்குடி கேக்குற? அந்தப் புள்ளகிட்ட சொல்லியிருக்கணும்” என்றாள்.

மறுநாளே இணையக் குழுவில் மறுப்பு எழுதினேன். அதிலும் பாருங்கள், ‘நான் தப்பாக எழுதிவிட்டேன்’ என்று எழுதவில்லை. ‘விசாரித்ததில் அந்தத் தகவல் சரியில்லை என்று தெரிகிறது’ என்று ஏதோ பெரிய மனுஷி மாதிரி எழுதினேன். முதலில் எழுதியதை நூறு பேர் படித்தார்கள் என்றால் இதை நாலு பேர் படித்திருப்பார்கள். அதில் ஒருவர், ஒரு தாயின் துக்கத்தை இப்படிக் கொச்சைப்படுத்தாதீர்கள் என்று என்னையே திட்டினார்.

நான்கு வருடம் கழித்து, கடலூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டார். அதே தாலாட்டு. ‘விடிஞ்சதும்’ என்று வந்ததும் நின்றது. “பாவம் டீச்சர், இந்தப் பாட்டு பாடினவங்களுக்குக் கொழந்த தவறிடுச்சாம். அதனாலதான் பாட்டை இதோட நிறுத்திட்டாங்களாம். அந்தக் கொழந்தைக்கு விடியவே இல்லன்னு அர்த்தம்” என்றார். என் வாக்கியம். ஒரு சொல் மாறாமல் ஊரெல்லாம் சுற்றி என் சாப்பாட்டு டப்பாவுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் அசல் சி.டி.யை எடுத்துப்போய் அவருக்கு முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்பட்டு, “அப்ப யாரு டீச்சர் இந்தக் கதையைக் கட்டிவிட்டது?” என்று கேட்டார். மூன்றாவது முறையாகவும் ‘யாரோ’ என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அந்தச் சிறுமி இப்போது வளர்ந்து பெரிய பெண்ணாகியிருப்பாள். மண்டபத்து அறையில் நடந்தது அவளுக்கு மறந்தேபோயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது, ஒரு குழந்தை கண்ணைப் பார்த்துக் கேட்டபோது பொய் சொன்னதை மன்னிக்க முடியவில்லை. தோழி சொன்னது போல் அவளிடமேதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் எங்கேயாவது இதைப் படிப்பாள் என்று நம்பி, அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு எழுதுகிறேன்: நான்தான்மா சொன்னேன்.