சாட்சிக் கூண்டில் நான் சொன்னது

கிளிநொச்சிப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் உளவளத்துணையாளராக வேலைக்குச் சேர்ந்து எனக்கு அப்போது ஒரு வருடம்தான். இரண்டு அலுமாரிகளை மறிப்பாக வைத்துப் பிரித்த மூலைதான் என் அறை. அலுமாரிகளுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் கதிரையில் உட்கார்ந்தாள்.

முரசுமோட்டையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். கணவன் அவளை விட்டுவிட்டுப் பளையில் தன் ஆட்களிடம் போய்விட்டான். ஐந்து வயது மகளோடு தனியாக இருந்தாள்.

“இஞ்ச கதைக்கிறது வெளியில போகாதோ, மிஸ்?”

“போகாது. என்னோட மட்டும்தான் இருக்கும்.”

பயிற்சியில் சொல்லித்தந்ததில் பாதியைத்தான் சொன்னேன். உயிருக்கு ஆபத்தென்றால் அறிவிக்க வேண்டிவரும், நீதிமன்றம் கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்ற மற்றப் பாதியைக் கேட்டால் எழும்பிப் போய்விடுவாள் என்று பயந்தேன்.

மூன்றாம் முறை வந்தபோது சொன்னாள். முந்தின மாதம் ஒரு பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கட்டுக்குப் போயிருக்கிறாள். தண்ணீர் நிறைந்து ஓடியதாம். கனநேரம் நின்றிருக்கிறாள்.

“பிள்ளை பசிக்குது எண்டாள், மிஸ். திரும்பி வந்து புட்டு அவிச்சுக் குடுத்தனான்.”

அன்றைக்கே அவளிடம் சம்மதம் கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவள் சொன்னதைத் திகதி போட்டுப் பைலில் எழுதினேன். கிழமைக்கொரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெல்ல மெல்லத் தேறினாள். தையல் வேலைக்குப் போகத் தொடங்கினாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள்.

அடுத்த வருடம் எனக்கு அழைப்பாணை வந்தது. பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லிக் கணவன் வழக்குப் போட்டிருந்தான். மனைவி என்னிடம் வந்துபோனது எப்படியோ அவன் காதுக்கு எட்டியிருந்தது. பைலோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஓடினேன். அவர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்களிட்ட கட்சிக்காரர் சொல்லுறதுக்குச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கு. உங்களிட்ட சொல்லுறதுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, தங்கச்சி. கேட்டா நீங்கள் சொல்லத்தான் வேணும்.”

கூண்டில் ஏறியதும் நீதிபதியிடம், “ஐயா, அவா என்னை நம்பிச் சொன்னது இது” என்றேன். அவர் கோபப்படவில்லை. “விளங்குது. ஆனா பிள்ளையின்ர விசயம். பதில் சொல்லுங்கோ” என்றார்.

கணவனின் சட்டத்தரணி பைலை விரித்துப் பிடித்தபடி கேட்டார்.

“பிள்ளையோட வாய்க்காலுக்குப் போனதெண்டு உங்களிட்டச் சொன்னவாவோ?”

“ஓம். ஆனா தானாத் திரும்பி வந்தவா. அதுக்குப் பிறகு...”

“கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ. சொன்னவாவோ, இல்லையோ?”

“சொன்னவா.”

அவள் பக்கம் பார்க்க முடியவில்லை. அவளுடைய சட்டத்தரணி எழும்பி, அவள் தேறியதைப் பற்றிக் கேட்டார். வைத்தியர் எழுதியதையும் நான் வாசித்தேன். எல்லாவற்றையும் பதிந்துகொண்டார்கள். வழக்கு முடியும்வரை பிள்ளை தகப்பனிடம் இருக்கட்டும், தாய் சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம் என்று தீர்மானமானது.

வெளியே மர நிழலில் அவள் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“நான் உங்களிட்ட வராமல் விட்டிருந்தா, பிள்ளை என்னோடதானே இருந்திருக்கும், என்ன மிஸ்?”

கேட்டுவிட்டு அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். மழை பிந்திவிட்டது, வயலெல்லாம் காயுது என்று கதைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

“நித்திரை எப்பிடி?” என்று கேட்டேன்.

“நல்லா வருது, மிஸ்.”

“சாப்பாடு?”

“அதெல்லாம் நல்லாச் சாப்பிடுறன். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.”

அதற்குமேல் என்ன கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது? ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன்.