கிணற்றடி வரை ஒரு பிடிகம்பு

என் புத்தக அலமாரியின் ஓரத்தில், அகராதித் தொகுதிகளுக்கும் சுவருக்கும் இடையே, இரண்டு முழ நீளமுள்ள சவுக்குக் கம்பு ஒன்று சாய்ந்து நிற்கிறது. நான்கு விரல் அகலத்தில் கிழித்த நீலச் சேலைத்துணி, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்றுச் சிறிதே ஏறும்படி, அதன்மேல் இறுகச் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த நீலம் வெளிறி, ஈரச் சாம்பலின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு முனையருகே, ஒரு விரற்கடை இடைவெளியில், துணியில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. வீட்டுக்கு வருவோர் அது என்னவென்று கேட்டால், பழைய கம்பு என்று சொல்லிவிடுகிறேன்.

நான்காம் வயதில் எனக்கு வந்த காய்ச்சல், இறங்கும்போது என் இடக்காலின் வலிமையையும் உடன்கொண்டு போயிற்று. இளம்பிள்ளைவாதம் என்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு என்னைப் பெற்றவளும் போய்விட்டாள். காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தராக இருந்த அப்பா, எழுபதுகளின் தொடக்கத்தில் மறுமணம் செய்துகொண்டு, அம்பகரத்தூர் உழவர் குடும்பத்துப் பெண் ஒருவரைத் தருமபுரத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. அவரைச் சின்னம்மா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். ஆனால் தெருப் பிள்ளைகள் தங்கள் தாயரிடம் உரிமையோடு ‘நீ’ என்று பேசியதைப் போல நான் அவரிடம் பேசியதில்லை. ‘வாங்க’, ‘குடுங்க’, ‘போதுங்க’ என்றே சொல்லிவந்தேன். மரியாதை தெரிந்த பெண் என்று ஊரார் மெச்சினார்கள். நான் அவரை எட்டத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அந்நாளில் நான் நடந்தேன் என்று சொல்வது பொருந்தாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தேன். சுவர் முடிந்த இடத்தில் தவழ்ந்தேன். எங்கள் வீட்டில் சுவர் கொல்லைக் கதவோடு முடிந்தது. அங்கிருந்து இரண்டு படி இறங்கி, வெறும் மண்தரையைக் கடந்து, கிணற்றடிக்கும் அதற்கப்பால் கீற்று மறைப்புக்குள் இருந்த குளியலிடத்துக்கும் நாள்தோறும் கையும் முழங்காலும் மண்ணாகப் போய்வந்தேன். சின்னம்மா முதல் இரண்டு வாரம் இதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். மூன்றாம் வாரம் ஒரு கயிற்றை என் இடுப்புக்கு நேரே பிடித்துத் தரைவரை அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சிட்டு மடியில் செருகிக்கொண்டார். மறுநாள் விறகுவாடியிலிருந்து சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. அடுப்புக்கு என்றே நினைத்தேன். அவரோ வேலியோரம் காய்ந்து கிடந்த பூவரசங் கிளைகளில் கவையுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து ஒரே அளவாக வெட்டி, கடப்பாரையால் குழி பறித்து நட்டு, செங்கல் துண்டு போட்டு இடித்து இறுக்கத் தொடங்கினார்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நாள்தோறும் கூடையோடு வரும் மீன்கார அம்மாள் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்தவர், இடுப்பில் கைவைத்து நின்று இந்த வேலையைப் பார்த்தார். “என்ன தாயி, கொல்லையில பாலம் கட்டுற? ஆறு எப்ப வருது?” என்றார். சின்னம்மா தலை நிமிராமல், “வந்தா கூடையத் தூக்கிக்கிட்டு நீதான் மொதல்ல ஏறுவ. போயி அந்தக் கம்பைப் புடி” என்றார். மீன்கார அம்மாள் சிரித்துக்கொண்டே கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கம்பைப் பிடித்தார். அடுத்த நாள் அவர் கூடையில் மீனோடு, படகுக்குப் பூசி மிஞ்சிய தார் ஒரு சிரட்டையிலும், அறுந்த வலையிலிருந்து அவிழ்த்த நைலான் கயிறு ஒரு சுருளும் வந்தன. நட்ட கால்களைப் பிடுங்கி, அடியில் தார் பூசி மறுபடியும் நட்டார்கள். கவைகளின்மேல் சவுக்கைக் கிடத்தி வலைக்கயிற்றால் கட்டினார்கள். கொல்லைக் கதவிலிருந்து கிணறுவரையும், கிணற்றிலிருந்து கீற்று மறைப்புக்குள்ளும் ஒரு பிடிகம்பு, என் இடுப்பளவு உயரத்தில் ஓடியது. இரு பெண்கள் இரண்டு பகற்பொழுதில் செய்து முடித்த வேலை அது.

முதல் நாளே சவுக்கின் சிலாம்பு என் உள்ளங்கையில் ஏறியது. நான் அழவில்லை, கையை மூடி மறைத்துக்கொண்டேன். அவர் கேட்கவும் இல்லை. மாலையில் தம் நீல நூற்சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, சோறு வடித்த கஞ்சியில் ஊறவைத்து, ஈரம் சொட்டச் சொட்டக் கம்பின்மேல் சுற்றினார். மறுநாள் வெயில் ஏறியதும் அந்தத் துணி மரத்தின் தோலைப் போல இறுகிக்கொண்டது. ஆண்டுதோறும் தை பிறந்ததும் என்னை நிறுத்தி அளந்து, வளர்ந்த அளவுக்குக் கவைக்கால்களின் அடியில் மண்ணும் கல்லும் இட்டுக் கம்பை உயர்த்தினார். பழைய துணியை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினார். அப்பாவின் மிதிவண்டியில் தேய்ந்து கழித்த டயரை என் இடப் பாத அளவுக்கு வெட்டி, அடுக்கடுக்காகச் செருப்பின் அடியில் வைத்துத் தைத்ததும் அவர்தான். குட்டைக் கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு அடுக்கு. அந்தச் செருப்போடுதான் நான் பள்ளிக்குப் போனேன், கல்லூரிக்குப் போனேன், புலவர் பட்டம் பெற்றேன், பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகவும் ஆனேன். ஒருநாளும் அவரிடம் நன்றி என்று நான் சொன்னதில்லை.

ஆசிரியப் பணியில் சேர்வதற்கு முன்பே எனக்குப் பிடிகம்பு தேவைப்படாமல் போய்விட்டது. கொல்லையைத் தனியாகவே கடந்தேன். ஆயினும் கம்பு அங்கேயே இருந்தது. தை பிறந்ததும் துணி மாறிக்கொண்டும் இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தத் துணியில் ஆங்காங்கே முடிச்சுகள் தென்பட்டன. படிக்கு முன்னால் ஒன்று. கிணற்றுத் தளம் தொடங்கும் இடத்தில் இரண்டு. துணி போதாமல் முடிந்திருக்கிறார் என்று எண்ணினேன். இனி இது எதற்கு என்று ஒருமுறை கேட்டபோது, “இருந்துட்டுப் போவுது. மழை நாள்ல வழுக்கும்ல” என்றார். தாம் செய்த பொருளின்மேல் அவருக்குள்ள பற்று என்று அதற்கும் நானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டேன். அதே ஆண்டுகளில்தான் பக்கத்தில் வைத்த செம்பை அவர் அடிக்கடி தட்டிவிட்டார். யாரேனும் பேசினால் கண்ணை மட்டும் திருப்பாமல் முகம் முழுவதையும் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஏதேனும் ஒரு சிராய்ப்பு இருந்தது. வேலையில் கவனம் இல்லை என்று நான் கடிந்துகொண்டதும் உண்டு. பழைய பாடல் ஒன்றில் ஒரு சொல்லுக்கு மூன்று உரை தேடிய நான், எதிரே இருந்தவரின் சிராய்ப்புக்கு ஓர் உரையும் தேடவில்லை.

எண்பதுகளின் நடுவில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மூன்று வீட்டார் வந்து பார்த்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனார்கள், சொல்லியனுப்பவில்லை. நான்காவதாக நாகப்பட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியர் வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையான அந்த ஆசிரியரை ஒரு பயிற்சி வகுப்பில் பார்த்துப் பேசியிருந்தேன். இந்த இடமும் கைநழுவிவிடக் கூடாது என்ற அச்சம் எனக்குள் ஒரு கொடுமையாக மாறியது. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அடுப்படியில் உட்கார்ந்திருந்த சின்னம்மாவிடம் போய் நின்றேன்.

“கொல்லையில இருக்கிற கம்பையெல்லாம் எடுத்துடுங்க. நொண்டிப் பொண்ணு இருக்கிற வீடுன்னு பலகை எழுதி நட்டாப்புல இருக்கு.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “எல்லாத்தையுமா?” என்று கேட்டார்.

“எல்லாத்தையும்.”

“சரிம்மா.”

மறுநாள் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது கொல்லை வெறுமையாக இருந்தது. குழிகள் மூடப்பட்டு, மேலே சாணம் மெழுகப்பட்டிருந்தது. வெட்டிய கம்புகள் அடுப்படியில் அடுக்கியிருந்தன. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவர் அந்த விறகில்தான் கேசரி கிளறினார். கஞ்சித்துணி கருகும் வாடை கூடத்துக்கு வந்தபோது, கேசரி அடிப்பிடித்துவிட்டது என்று நான் பதறினேன். வந்தவர்கள் கூடத்தைத் தாண்டவில்லை. கொல்லைப் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் வாசலில் கிடந்த என் செருப்பைக் குனிந்து எடுத்துப் புரட்டிப் பார்த்து, “யாரு தச்சது? நல்ல கை” என்று சொன்னார். அங்கேயே தேதி பேசி முடித்தார்கள்.

அதற்கு எட்டாம் நாள் காலை, நான் கூடத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கொல்லையில் குடம் உருளும் ஓசை கேட்டது. சின்னம்மா கிணற்றுத் தளத்தின் விளிம்பில் கால் இடறித் துவைகல்லின்மேல் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய அன்று மீன்கார அம்மாள் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலைக்கூடையை இறக்காமலே என்னைக் கொல்லைக்கு வரச் சொல்லி, வெறுந்தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“ஏம்மா, கம்பையெல்லாம் புடுங்கிப்புட்டு அவள எதப் புடிச்சு நடக்கச் சொன்ன?”

எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்த அவர், தெரியாது என்று அறிந்ததும் சொன்னார். சின்னம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளாகக் கீழேயும் பக்கங்களிலும் பார்வை இல்லை. நேர் எதிரே மட்டும், ஒரு குழாய் வழியே பார்ப்பது போலத் தெரியும். காலடியில் படி இருப்பதும் தளம் உயர்வதும் தெரியாது. வலைக்காரர்கள் கயிறு எவ்வளவு இறங்கிற்று என்பதை இருட்டில் கைதொட்டு அறிய முடிச்சிடுவார்கள். அதைப் போலவே பிடிகம்பிலும் முடிச்சிட்டுக்கொள் என்று சொல்லிக்கொடுத்தவர் மீன்கார அம்மாள்தான். ஒரு முடிச்சு என்றால் படி. இரண்டு என்றால் கிணற்றுத் தளம். அடுத்த அடியில் காலை உயர்த்த வேண்டும். முன்பே காட்டியிருந்தால் பார்வை இவ்வளவு போகாமல் காப்பாற்றியிருக்கலாம் என்று பின்னர் ஒரு கண் மருத்துவர் சொன்னார்.

நான் உள்ளே போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் முகம் முழுவதையும் திருப்பினார். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் தேர்ந்து சொல்லவில்லை. “ஏன் நீ சொல்லல?” என்று கேட்டேன். பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவரை ‘நீ’ என்றேன். அதை அவர் கவனித்தார். உதட்டோரம் சிறிது அசைந்தது.

“சொன்னா, இந்த எடம் வேணாம்னுட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு இங்கேயே நின்னுருவ. அதுக்கா உன்ன நடக்க வச்சேன்?”

நின்றிருப்பேனா என்று அன்றுமுதல் என்னை நானே கேட்டு வருகிறேன். அவர் என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக எண்ணியிருந்தார் என்பது மட்டும் உறுதி. அந்த எண்ணத்துக்கு நான் தகுதியுடையவளாக இருந்தேனா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. இருக்கும் ஒரே சான்று, ‘எல்லாத்தையும்’ என்று நான் சொன்ன சொல்.

திருமணத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கூடத்தில் தாலி ஏறியபோது அவர் உள்ளறையில் கிடந்தார். புறப்படுமுன் மாலையோடு போய்க் காலைத் தொட்டேன். என் செருப்பை எடுத்துவரச் சொன்னார். படுக்கைக்குச் செருப்பா என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி முணுமுணுத்தாள். சின்னம்மா அதை வாங்கி, இடச் செருப்பின் அடியைக் கட்டைவிரலால் தடவி அடுக்குகளை எண்ணினார். “குதிகால் தேஞ்சிருக்கு. போற எடத்துல ஒரு அடுக்கு வச்சுத் தச்சுக்க. சாய்ஞ்சு நடக்காத” என்றார். அதன்பின் நான் அவர் குரலைக் கேட்கவில்லை. ஐப்பசி மழையில், தகவல் கேட்டு நான் நாகப்பட்டினத்திலிருந்து பேருந்தில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பத்தாம் நாள் காரியத்துக்காகக் குளிக்கப் போனபோதுதான் அதைக் கண்டேன். கம்புகள் போன பின்பும் அங்கே நாள்தோறும் குளித்திருந்தும், மேலே ஈரத்துணி கிடந்ததால் நான் கவனித்ததில்லை. கீற்று மறைப்புக்குள், வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரியாத மூலையில், கிணற்றுத் தளத்தின் ஓரம்வரை நீண்டு, இரண்டு முழக் கம்பு மட்டும் அப்படியே கவையில் கட்டியிருந்தது. நான் சொன்னதை எல்லாம் செய்தவர், இந்த ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டிருந்தார். மற்றதையெல்லாம் அழித்துவிட்டுத் தமக்கென்று அவர் ஒளித்துவைத்துக்கொண்டது, இந்த இரண்டு முழம்தான். வலைக்கயிற்றை அறுக்க மனம் வராமல் முடிச்சை அவிழ்த்து அதை எடுத்துக்கொண்டேன். மழையில் நனைந்து முடிச்சு இறுகியிருந்ததால் அதற்கு நெடுநேரம் ஆயிற்று.

தருமபுரத்து வீடு இன்று எங்களிடம் இல்லை. கிணறும் தூர்ந்துவிட்டதாகக் கேள்வி. பணி ஓய்வு பெற்ற பிறகு, சில பிற்பகல்களில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அலமாரியின் ஓரத்திலிருந்து கம்பை எடுத்து இடுப்பளவில் பிடித்துக்கொண்டு கண்களை மூடுகிறேன். துணி இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. அவர் சுற்றிய சுற்று ஒன்றுகூடத் தளரவில்லை. உள்ளங்கையை மெல்ல முன்னே நகர்த்துகிறேன். முதல் முடிச்சு வருகிறது. விரற்கடை தள்ளி இரண்டாவதும் வருகிறது. காலை உயர்த்துகிறேன். கையை இன்னும் சிறிது முன்னே கொண்டுபோகிறேன். அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.