எனக்கு அடங்காதவள்

என் மகளின் பிடிவாதம் அவளுக்கு நாலரை வயதாவதற்குள் ஊரறிந்த சங்கதியாகிவிட்டது. திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில், பச்சைப் பாவாடைதான் வேண்டுமென்று தரையில் புரண்டாள். அவள் அளவுக்குப் பச்சை இல்லை. "சிவப்பு நல்லாருக்கும் பாப்பா" என்ற கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்து, "நீ கட்டிக்க" என்றாள். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் மானம் போனது. நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைப்பவள், பெற்ற ஒன்றை எழுப்பி நிறுத்த முடியாமல் நின்றேன்.

அவள் யாருக்குமே அடங்காதவளாக இருந்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பூக்கட்டும் அம்மாளுக்கு அடங்கினாள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த அம்மாள் சேவுகம்பட்டிப் பக்கத்துக்காரர். மூன்று பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, வியாபாரிகள் கொண்டுவந்து போடும் மல்லிகையைச் சரமாகக் கட்டிக் கொடுப்பார். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது என் மகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான். மகள் அவரைப் 'பூம்மா' என்றாள். அதில் உள்ள 'அம்மா' எனக்கு முள்ளாகக் குத்தியது.

நான் ஊட்டினால் துப்புகிற அவரைக்காய் வெஞ்சனத்தை அங்கே வழித்துத் தின்றாள். அந்த அம்மாள் அதட்ட மாட்டார். "வேண்டாமா? சரி, வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டுவார். செத்த நேரத்தில் கிண்ணம் காலி. நானும் ஒருநாள் அதே வார்த்தையை, அதே குரலில் சொல்லிப் பார்த்தேன். மகள் சோற்றைக் கொண்டுபோய்த் தெருநாய்க்கு வைத்துவிட்டு வந்து, "வெச்சிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் நான் முற்றத்தில் கால் வைத்ததும், அந்த அம்மாளின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

"ஏத்தா, அம்மா வந்திருச்சு பாரு. போ."

"அது போகட்டும்" என்பாள், முந்தானைக்குள்ளிருந்தே.

தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளைமேல் மல்லிகை வாசம் அடிக்கும். எனக்கு அந்தப் பூவே பிடிக்காமல் போயிற்று. தலைவலி வருகிறது என்று வீட்டில் பொய் சொல்லிப் பூ வைப்பதை நிறுத்தினேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இவளை என் வகுப்பிலேயே சேர்த்துவிட்டால் பகல் முழுக்க என்னோடுதானே இருப்பாள்? ஐந்து வயது நிறையவில்லை. அதனாலென்ன, வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் முடிந்தது. அப்போதெல்லாம் பிறப்புச் சான்றை யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று அர்த்தம். நான் வீட்டில் அளந்து பார்த்துவிட்டேன். தூங்கும்போது கையைத் தூக்கி வைத்ததில் விரல்நுனி காதில் பட்டது.

சேர்க்கும் நாளில் அந்த அம்மாள் கூட வந்தால்தான் நடப்பேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரையும் அழைத்துப் போனேன். தலைமையாசிரியை, "காதைத் தொடு கண்ணு" என்றார். மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் கெஞ்சினேன். மிட்டாய் தருகிறேன் என்றேன். மற்ற டீச்சர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"டீச்சர் வீட்டுப் பிள்ளையே இப்படியா?" என்றார் தலைமையாசிரியை.

அப்போது கதவோரம் நின்ற அந்த அம்மாள் தன் கையைத் தலைக்கு மேல் வளைத்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். மகளும் தொட்டாள். யாரிடமிருந்து பிரிப்பதற்காக இவ்வளவு பாடுபட்டேனோ, அவர் தயவில்தான் அது நடந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்தேன்.

ஒரு வாரம் வகுப்பில் மூலையில் உட்கார்ந்து என்னைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தாள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, தரையில் மணலைப் பரப்பி, ஒரு சின்னப் பெண்ணை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் மூலையிலிருந்து எழுந்து வந்தாள். நான் பிடித்திருந்த அந்தக் கையைப் பிடுங்கி ஒரே கடி. அந்தப் பெண் அலறினாள். இவள் அவளைத் தள்ளிவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்து, "இது என் அம்மா" என்றாள்.

தலைமையாசிரியை ஓடி வந்தார். ஊருக்காக மகள் முதுகில் ஓர் அடி வைத்தேன். என் முகம் சிவந்ததைக் கண்டு வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். வெட்கமும் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் உள்ளுக்குள் நான் துள்ளிக்கொண்டிருந்தேன். என்னை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு பிள்ளையின் கையைக் கடித்திருக்கிறாள்! கடிபட்ட பெண்ணை வேறொரு டீச்சர் தூக்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். புகார் சொல்லப் போகவில்லை. பீற்றிக்கொள்ளத்தான் போனேன்.

"பாருங்கக்கா, இன்னைக்கு ஒரு புள்ளையக் கடிச்சு வெச்சிட்டா. நான் வேற புள்ளை கையப் புடிக்கக் கூடாதாம். எம்மேல அம்புட்டு உசுரு இவளுக்கு."

அந்த அம்மாளின் விரல்கள் பூவில் நின்றன.

"ஐயோ, அந்தப் புள்ளைக்கு ரத்தம் வந்துச்சா டீச்சரம்மா?"

எனக்குத் தெரியவில்லை. என் இடுப்பிலிருந்து மகள் மெல்ல இறங்கினாள். அவரிடம் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "வந்துச்சு பூம்மா, கொஞ்சூண்டு" என்றாள். சொல்லிவிட்டு அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நான் அடித்தபோது அழாதவள்.

அப்போதும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். அதற்குப் பிறகுதான், என் மடியில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையின் கையை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.