அம்மாவுக்கு வைத்த மிளகு ரசம்

சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான். அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, ஈப்போவில் கதிர்வீச்சு தொடங்கிய மூன்றாவது வாரம் சாப்பாடு குறைந்தது. எடை இன்னும் இறங்கினால் சிகிச்சையை நிறுத்திவைக்க நேரிடும் என்றார் டாக்டர்.

பயந்துபோய், தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று தினமும் சூடாக மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அம்மா மறுக்காமல் குடித்தார்.

அடுத்த முறை, வலி இருக்கிறதா என்று கேட்ட டாக்டரிடமும் "ஓகேலா டாக்டர்" என்றார். அங்கிருந்த தாதி அக்கா நம்பாமல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கதிர்வீச்சால் உள்ளே முழுக்கப் புண்.

"என்ன தம்பி குடுக்குறீங்க?"

"மிளகு ரசம்க்கா."

"புண்ணுல மிளகு ரசமா? ஏம்மா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

அம்மா தலைகுனிந்தார். "வேலைக்குப் போய்ட்டு வந்து ஆசையா வைக்கிறான். வேணாம்னு எப்படி சொல்றது?"

வலி குறைய, சாப்பிடும் முன் கொப்பளிக்க மருந்து தந்தார்கள். அன்று மாலை அம்மா கொப்பளித்த பிறகு, ஆறவைத்த கஞ்சியை ஊட்டினேன். இரண்டாவது கரண்டியில் என் கையைப் பிடித்தார்.

"எரியுதுய்யா. கொஞ்சம் பொறு."

வலிக்கிறது என்று அம்மா என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஏனோ மனம் லேசானது.