அத்தான் கேட்ட அமெரிக்கன்

என் அத்தானுக்கு 'இல்லை' என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருவராலும் முடியாது. சொன்னால் அரை மணித்தியாலத்தில் அக்கா லண்டனிலிருந்து போன் எடுத்து அழுவாள். அதனால்தான், ஜெர்மனியில் உலகக் கிண்ணம் நடப்பதற்கு முந்திய கோடையில், அவர் கேட்ட அந்த விசர்க் காரியத்துக்கும் நான் தலையாட்டித் தொலைத்தேன்.

"டேய் தம்பி, எனக்கு ரெண்டு அமெரிக்கன் வேணும்."

கடையில் மாம்பழம் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

ஊரில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் லண்டனில் நடத்தும் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அத்தான்தான் தலைவர். "எங்கட பிரிட்டிஷ் கிளப்" என்றுதான் எப்போதும் சொல்லுவார். கழகத்தில் பாதிப் பேருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, மற்றப் பாதிப் பேருக்குச் சனிக்கிழமைகளில் கடை. ஜெர்மனியில் இருக்கிற நானும், அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்ற ஒரே காரணத்தால், பேருக்கு ஒரு ஆட்டக்காரன். ஒவ்வொரு கோடையும் டோர்ட்மண்டில் நடக்கும் தமிழர் விளையாட்டு விழாவுக்கு இந்தப் பட்டாளம் வேன் பிடித்து வரும். ஒரு அணியில் தமிழர் அல்லாதவர்கள் இரண்டு பேர் ஆடலாம் என்பது விதி. போன வருடம் பாரிஸ்காரர்கள் இரண்டு ஆபிரிக்க இளைஞர்களோடு வந்து எங்கள் கோலுக்குள் பந்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அத்தானுக்கு நித்திரை இல்லை.

"இஞ்ச லண்டனில பெரிய கிளப்புகளில கோல் காக்கிறது ஆர்? அமெரிக்கன்! நீ அவங்கட காம்பிலதானே வேலை செய்யிறாய்?"

ஸ்டுட்கார்ட்டில் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் குசினியில் வேலை செய்தேன், உண்மைதான். சட்டி கழுவுகிறவன் போய்ச் சிப்பாய்களை லண்டன் அணிக்கு ஆள் சேர்க்க முடியுமா?

"அத்தான், இவங்கள் ஃபுட்போல் எண்டு சொல்லுறதே கையால விளையாடுற விளையாட்டு."

"அந்தக் கதை எனக்கு வேண்டாம். நல்ல உயரமாப் பார்த்துப் பிடி."

உயரமானவன் சுலபமாகக் கிடைத்தான். முகாம் அலுவலகத்தில் இருந்த பொன்னிறத் தலைமயிர்க்காரன். பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறேன் என்றான். இலவசமாக டோர்ட்மண்ட் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் வருகிறேன் என்றான். இரண்டாமவனை நான் தேடவே இல்லை. குசினிப் பின்கதவால் குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் அவனைப் பார்த்திருக்கிறேன். லொறி திருத்துகிறவன், கட்டையன், எங்களைப் போல நிறம். மெக்சிகோவில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவன். வேலை முடிய, லொறிகளுக்கு நடுவில் தனியே பந்தடித்துக்கொண்டிருப்பான். பந்து அவன் காலை விட்டுப் போகாது. எனக்குக் கோபம்கூட வந்தது, இப்படி ஒரு காலை வைத்துக்கொண்டு இவன் ஏன் லொறிக்குக் கீழே கிடக்கிறான் என்று.

கேட்டதும் சரி என்றான். ஆனால் அவனுக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்தது. அடுத்த மாதம் அவனுடைய படைப்பிரிவை ஈராக்குக்கு அனுப்புகிறார்கள். இவன் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து தாய் இவனோடு கதைப்பதில்லை. போன் எடுத்தால் தங்கச்சியிடம் கொடுத்துவிடுவா. அனுப்பிய சீருடைப் படங்களை எல்லாம் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாவாம். "போவதற்கு முன் அம்மாவுக்குப் பட்டாளத்து வாசமில்லாத ஒரு பொருள் அனுப்ப வேண்டும். அங்கே கிண்ணம் கொடுப்பார்களா?" என்று கேட்டான். கொடுப்பார்கள், நீ வென்றால் அது உன் அம்மாவுக்குத்தான் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

டோர்ட்மண்ட் மைதானத்தில் நாங்கள் காரை விட்டு இறங்கியதும் அத்தான் நெட்டையனைக் கட்டிப்பிடித்தார். பிறகு என் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மற்ற அமெரிக்கன் எங்கை?"

"இவர்தான்."

"இவனோ? டேய், இவன் எங்கட இணுவில் பெடியன் மாதிரி இருக்கிறான்! இவனைப் பார்த்து ஆரடா பயப்பிடுவான்?"

அதோடு விட்டாரா? அவனிடமே போய், தன் லண்டன் ஆங்கிலத்தில், அமெரிக்கப் பாஸ்போட் இருக்கிறதா என்று விசாரித்தார். அந்தப் பாவி பொய் சொல்லத் தெரியாதவன். இன்னும் இல்லை, ஈராக்கிலிருந்து வந்த பிறகு கிடைக்கும் என்று சொன்னான்.

"பாத்தியா? தானே சொல்லுறான்! கண்டறியாத அமெரிக்கன்!"

"உங்கட பிரிட்டிஷ் பாஸ்போட்டிலயே இன்னும் மை காயேல்லை அத்தான்."

அது அவர் காதில் விழவில்லை. அல்லது விழுந்தது. எப்படியோ, லண்டனிலிருந்து தானே ஒரு நைஜீரிய மாணவனை எனக்குச் சொல்லாமலே கூட்டிவந்திருந்தார். நெட்டையனோடு இரண்டு வெளியாட்கள் ஆயிற்று, கணக்குச் சரி. லொறி திருத்தும் சின்னவன் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காலை முதல் மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருந்தான். நான் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன். உறைப்பில் கண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நெட்டையனைப் பற்றி என்ன சொல்ல? பந்து ஒரு பக்கம் போனால் அவன் மறுபக்கம் போனான். நைஜீரியப் பெடியன் தனி ஆளாக ஓடி எங்களை இறுதி ஆட்டம் வரை இழுத்து வந்தான். இறுதி ஆட்டம், வேறு ஆரோடு, பாரிஸ்காரரோடு. இடைவேளைக்கு முன்னமே இரண்டு கோல் வாங்கியாயிற்று. அப்போது அத்தான் வேர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடி வந்தார்.

"உன்ர கழகத்து அட்டையைத் தா."

"என்னத்துக்கு?"

"அந்தச் சின்னவனை இறக்கப் போறன். வெளியாள் கணக்கில ஏலாது, காலமையே ரெண்டு பேரையும் பதிஞ்சாச்சு. உன்ர பேரில ஆடட்டும். பார்த்தால் எங்கட ஆள் மாதிரித்தானே இருக்கிறான்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே அவருடைய தொப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். காலையில் எந்தக் குற்றத்துக்காக வாங்கில் இருத்தினாரோ, பின்னேரம் அதே குற்றம்தான் அவன் தகுதி! ஆனால் வாங்கில் இருந்தவன் எங்கள் இரண்டு பேரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டையைக் கொடுத்தேன். எதைக் கேட்டாலும் சொல்ல, அவன் காதுக்குள் ஒரு சொல் மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

கோட்டருகே நின்ற விழாக் குழு ஐயா அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். அட்டையில் இருந்தது பழைய படம், மீசையோடு நான்.

"மீசையை எடுத்துப்போட்டீரோ?"

"ஓம்."

"இப்ப எங்க இருக்கிறீர், லண்டனிலோ?"

"ஓம்."

"அம்மா அப்பா எந்த ஊர்?"

"ஓம்."

ஐயா பெருமூச்சு விட்டார். "இஞ்ச வளருற பிள்ளையளுக்குத் தமிழ் அவ்வளவுதான். சரி, போம் ராசா" என்று முதுகில் தட்டி உள்ளே விட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. என்னை அடையாளம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் என்பதால் ரோல்ஸ் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஒலிபெருக்கியில்தான் கேட்டது. என் பெயர் சொல்லிக் கோல் என்றார்கள். மறுபடி என் பெயர். கடைக்கார அக்கா அப்பளக் கரண்டியோடு திரும்பி, "தம்பி, அது நீரெல்லோ?" என்றா. கடைசி நிமிடத்தில் மூன்றாவது. மைதானமே என் பெயரைக் கத்தியது. வாழ்க்கையில் ஒரு கோல்கூட அடிக்காதவன் நான், கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சிறந்த ஆட்டக்காரருக்கான கிண்ணமும் என் பெயருக்கே. அவனை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கினான்.

இதோடு முடிந்திருந்தால் நான் அத்தானை மன்னித்திருப்பேன். வேனடிக்குப் போனால், அந்தக் கிண்ணத்தைத் துவாயில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன செய்யிறியள்?"

"லண்டனில கழகத்து அலுமாரியில வைக்கவேணும்."

"அது அவன்ர அத்தான். தாய்க்கு அனுப்பக் கேட்டவன். நான் வாக்குக் குடுத்தனான்."

"விசர்க் கதை கதையாதை! கூப்பிட்டது உன்ர பேர், ஆடினது எங்கட கிளப். மெக்சிக்கோக்காரிக்குத் தமிழ்க் கிண்ணம் என்னத்துக்கு?"

நான் விழாக் குழுவின் கூடாரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். பத்தடி போகவில்லை, பின்னால் சத்தம் வந்தது.

"எங்கையடா போறாய்?"

"அட்டையில இருக்கிற ஆள் ஆரெண்டு ஐயாவிட்டைச் சொல்லப் போறன்."

கிண்ணத்தைப் பையிலிருந்து எடுத்துப் புல்லில் வைத்துவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வேனுக்குள் ஏறினார். இனி நீயும் நானும் ஒண்டுமில்லை என்று ஜன்னலால் கத்தினார். நல்லது என்று நானும் கத்தினேன்.

திரும்பும் வழியில் நெட்டையன் குறட்டை விட்டான். சின்னவன் கிண்ணத்தை மடியில் வைத்து, அடியில் இருந்த தமிழ் எழுத்தைத் தடவித் தடவி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். சிறந்த ஆட்டக்காரர் என்றேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். புறப்படுவதற்கு முதல் நாள் குசினிப் பின்கதவடிக்கு ஓடி வந்தான். கிண்ணம் போய்ச் சேர்ந்துவிட்டது. தாய் தானே போன் எடுத்திருக்கிறா. இது எந்த நாட்டு எழுத்து, சாப்பிட்டாயா, கால் நோகிறதா என்று ஒரு மணித்தியாலம் கதைத்தாவாம். அவ்வளவு வளர்ந்த ஆண்பிள்ளை, என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அத்தான் சொன்ன மாதிரியே ஒரு வருடம் கதைக்கவில்லை. அக்காதான் எடுத்தெடுத்து அழுதாள். அடுத்த கோடை ஒரு நாள் அவரே எடுத்தார், ஒன்றுமே நடக்காதது போல.

"டேய் தம்பி, இந்த முறை நெட்டையன் வேண்டாம். அந்தச் சின்னவனைக் கூட்டிக்கொண்டு வா. இப்ப பாஸ்போட்டும் கிடைச்சிருக்குமெல்லோ? அவன்ர சொந்தப் பேரிலயே அட்டை அடிச்சுத் தாறன்."

ஒரு வருடமாக அவருக்கென்று சேர்த்து வைத்திருந்த பேச்சுகள் எல்லாம் வாய்வரை வந்தன.

"அவன் இல்லை அத்தான். மாசியில அவன்ர படத்தைக் காம்புச் சாப்பாட்டு மண்டப வாசலில பூவோட வைச்சவங்கள். ஈராக்கில ரோட்டில குண்டாம்."

லண்டனில் தொலைக்காட்சி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை ஆரோ நிறுத்தினார்கள்.

"அந்தக் கிண்ணம்..." என்றார்.

"தாயிட்டை இருக்கு."

"நல்ல வேலை செய்தாய், என்னோட சண்டை பிடிச்சது."

இத்தனை வருடத்தில் நான் செய்ததைச் சரி என்று அத்தான் சொன்னது அந்த ஒரு தரம்தான். வழக்கம்போல அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.